ஜீரோ எரர் உள்ள வெர்னியர்

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். எட்டுப் பக்கம், கையெழுத்தில் வந்திருந்தது. அடித்தல் திருத்தம் ஒன்றுகூட இல்லை. நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டு ஐந்தாவதைத்தான் தபாலில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தில் அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எழுதியவருக்கு வயது 39. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எந்திர உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தமிழ் வழியில் பள்ளி, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ, 2006-ல் டிரெய்னியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். முதலாளி அவரை புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக்க விரும்புகிறார். ஏற்கெனவே இரண்டு முறை இவர்தான் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். இந்த முறை மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

தடையாக நிற்பது திங்கள்கிழமை காலை மீட்டிங். கஸ்டமர் கம்பெனிக்காரர்கள் திரையில் வருவார்கள், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஞாயிறு சாயங்காலமே இவருக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது. திங்களன்று சாப்பிடாமல் கிளம்புகிறார். பட்டரைவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது கை சில்லிட்டுப் போகிறது. சொல்ல வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்துகொள்வார், கதவோரம் இருக்கிற நாற்காலியில் உட்காருவார், நடுக்கம் தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், முடிந்தால் குவாலிட்டி (தரக் கட்டுப்பாடு) பிரிவில் இருக்கிற பெண்ணைப் பேசவிட்டுவிடுவார். 2022-ல் கஸ்டமர் நடத்திய ஓர் ஆடிட்டில் (தரச் சோதனையில்) பதில் சொல்லும்போது திணறி, ஒருவர் சிரித்துவிட்டாராம். அதற்கும் முன்னால், எட்டாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசித்தபோது தீவு என்பதற்கான ‘ஐலேண்ட்’ என்ற சொல்லை ‘ஐஸ்லேண்ட்’ என்று படித்ததற்காக ஆசிரியர் மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்திருக்கிறார். பள்ளி முடியும்வரை அதுவே பட்டப்பெயர்.

“நான் இந்த இடத்துக்கு வந்ததே அதிர்ஷ்டம். ஒரு நாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்” என்று எழுதியிருக்கிறார். கேள்விகள் நான்கு. பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? நடுக்கம் நிற்க நண்பர் கொடுத்த மாத்திரையைப் போடலாமா? 25,000 ரூபாய்க்கு ஓட்டலில் இரண்டு நாள் நடக்கும் ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’யில் சேரலாமா? இது மனநோயா, டாக்டரைப் பார்த்தால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

சரி, இனி உங்களோடு நேராகவே பேசுகிறேன்.

மாத்திரைதான் அவசரம் என்பதால் அதை முதலில் முடித்துக்கொள்கிறேன். உங்கள் பையில் இருப்பது புரோப்ரனலால் 10 மில்லிகிராம். அது இதயத் துடிப்பைக் குறைத்து, கை நடுக்கத்தை அடக்கும். மேடை பயத்துக்கு டாக்டர்கள் சிலருக்கு எழுதித்தருவதும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக ஒரு வரி போகிறது: சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போதும் மார்கழிப் பனியில் வரும் என்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும், ஆபத்து. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கோ, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். உங்கள் நண்பருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதில்லை. நான் உளவியல் ஆலோசகர், மருந்து எழுதித்தரும் டாக்டர் இல்லை. அதனால் அந்த அட்டையைத் தொடாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். டாக்டரிடம் போகும்போது தைராய்டு, ரத்தச் சர்க்கரை இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அப்புறம், ஞாயிறு இரவு தூக்கம் வர ‘எப்போதாவது’ ஒரு குவார்ட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போகும்போது அமைதியாக்கும் சரக்கு, இறங்கும்போது படபடப்பைக் கூட்டிவிட்டுத்தான் போகும். திங்கள் காலை நடுக்கத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும் மேடம், எந்நேரமும் என்னையே கவனித்துக்கொண்டிருக்கிறேன்” என்கிறீர்கள். உங்களோடு நான் முரண்படுவது இங்கேதான். தன்னைக் கவனித்துக்கொண்டே இருப்பது வேறு, தன்னை அறிவது வேறு. மீட்டிங்கில் குரல் நடுங்குகிறதா, முகம் வேர்க்கிறதா, அந்தச் சொல்லைச் சரியாகச் சொன்னேனா என்று உள்ளே ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதையெல்லாம் நம்புகிறீர்கள். அவர் சொல்வது எவ்வளவு சரி என்று ஒரு முறையாவது சோதித்தீர்களா?

உங்கள் தொழிலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பாகங்களை நுட்பமாக அளக்கும் கருவியான வெர்னியரின் தாடைகளை முழுதாக மூடிவைத்தும், பூஜ்யம் காட்டாமல் 0.04 காட்டுகிறது என்றால் நீங்கள் என்ன முடிவு செய்வீர்கள்? ஜாப் (செய்த பாகம்) பெரிதாக வந்துவிட்டது என்று மெஷினை நிறுத்த மாட்டீர்கள். கருவியில் ஜீரோ எரர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்துப் படிப்பீர்கள். (ஆடிட்டர் முன்னால் இதைச் சொல்ல வேண்டாம், உடனே கேலிப்ரேஷனுக்கு (கருவியைச் சரிபார்க்க) அனுப்பச் சொல்வார். ஆனால் மனசுக்கு மாற்றுக் கருவி எந்த ஸ்டோரிலும் கிடைக்காது.) உங்களை நீங்களே அளக்கிற கருவியில் பல வருடமாக ஒரு பிழை இருக்கிறது. அநேகமாக எட்டாம் வகுப்பிலிருந்தே. அது எந்தப் பக்கம், எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் சுய அறிதல் என்கிறேன்.

ஒரு சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் 2022 ஆடிட் கதை. ஆறாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, அதே கஸ்டமர் இரண்டு வாரம் கழித்து இன்னொரு பாகத்துக்கும் ஆர்டர் கொடுத்ததாகவும், முதல் பீஸை நீங்களே பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்தே பார்க்கவில்லை. சிரித்தவரின் முகம் நினைவிருக்கிறது. பெயர் சொல்லிக் கேட்டவரோ ஒரு வரியோடு போய்விட்டார்.

ஒளிந்துகொள்ளும் வேலைகள்

சமூக பயத்தை, அதாவது மற்றவர்கள் முன் வரும் பயத்தைப் பற்றி டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஆலோசனை அறையில் இன்றும் எங்களுக்குப் பயன்படுகிற விளக்கம் அது. பயத்துக்குத் தீனி போடுபவற்றில் இரண்டை அவர்கள் முக்கியமாகச் சொன்னார்கள். கவனம் முழுவதும் தன் பக்கமே திரும்பிவிடுவது ஒன்று. மாட்டிக்கொள்ளாமலிருக்க நாம் செய்யும் சின்னச்சின்னத் தற்காப்பு வேலைகள் இன்னொன்று. கதவோர நாற்காலி, இறுகப் பிடித்த பேனா, மனப்பாடம் செய்த வாக்கியம் எல்லாம் இந்த வகைதான்.

அவை உங்களைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். அந்த ஆடிட்டையே திரும்பப் பாருங்கள். அவர்கள் கேட்டது மார்ச் மாத ரிஜெக்‌ஷன் (கழித்துப்போட்ட பாகங்கள்) ஏன் கூடியது என்று. நீங்கள் சொன்னது பிப்ரவரி கணக்கு. “எனக்கு ஆங்கிலம் புரியவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனப்பாடம் செய்ததை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்ததால் கேள்வியே உங்கள் காதில் விழவில்லை. மார்ச் என்ற சொல்லைப் புரிந்துகொள்ளப் பெரிய ஆங்கிலம் வேண்டாமே! தப்பு நடக்கக்கூடாது என்று செய்த ஏற்பாடுதான் தப்பை வரவழைத்திருக்கிறது. மீட்டிங் நல்லபடியாக முடிகிற நாட்களிலோ இன்னொரு சிக்கல்: “பேனாவைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்” என்று பெருமையெல்லாம் பேனாவுக்குப் போய்விடுகிறது. உங்கள் கணக்கில் எதுவும் ஏறுவதில்லை.

எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்துக்கும் ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே கூசும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று அப்புறம் கேட்டபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். இந்த ஆய்வு 2000-ல் வெளியானது. அந்தக் கால்வாசிப் பேரையும் மறந்துவிடாதீர்கள். யாருமே பார்க்கவில்லை என்று பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். சிலர் பார்க்கிறார்கள், ஒருவர் சிரிக்கவும் செய்யலாம். உங்கள் கருவி அதை இரண்டு மடங்காகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் சந்தேகத்தில் உண்மையும் இருக்கிறது

“உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் பயப்படறீங்க?” என்று மனைவி சொல்லும்போது எரிச்சல் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான எரிச்சல். எல்லாம் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமே! அவர் அன்பில் சொல்கிறார், ஆனால் அந்தப் பாராட்டு உங்கள் பயத்தின் அருகில்கூடப் போகவில்லை.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் உடனுக்குடன் பேசுவதில் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள், அது உண்மை. காஸ்டிங் (செலவுக் கணக்கு), டெலிவரி பிளானிங், உங்களைவிட மூத்த ஆட்களை வேலை வாங்குவது இதெல்லாம் நீங்கள் செய்து பார்க்காதவை, அதுவும் உண்மை. இவை கற்றுக்கொள்ள வேண்டியவை, பட்டியல் போட்டுவிடலாம். “நான் போலி, அதிர்ஷ்டத்தில் வந்தவன்” என்பது வேறு சங்கதி. அது குறையின் அளவு இல்லை, கருவியின் பிழை. டிராயிங்கைப் பார்த்த மாத்திரத்தில் இந்த டாலரன்ஸ் (அனுமதிக்கிற அளவு வித்தியாசம்) இந்த மெஷினில் நிற்காது என்று சொல்கிறவர் அதிர்ஷ்டத்தில் அதைச் சொல்வதில்லை.

இந்தப் ‘போலி’ எண்ணத்துக்கு 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். வேலையிலும் படிப்பிலும் நன்றாகச் சாதித்த பெண்கள் பலர், தாங்கள் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நம்புவதைப் பார்த்துத்தான் அதை எழுதினார்கள். பின்னால் ஆண்களிடமும் அது இருப்பது தெரியவந்தது. அது நோய்ப் பட்டியலில் இல்லை. சாதித்தால் அந்த எண்ணம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எவ்வளவு உயரே போனாலும் ‘இதுவும் அதிர்ஷ்டம்’ என்று சொல்லிவிட அதற்குத் தெரியும்.

இன்னொரு எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். முதலில் தன்னம்பிக்கை வரட்டும், அப்புறம் பதவியை ஏற்கிறேன் என்கிறீர்கள். 2006-ல் முதல் முறை தனியாக மெஷினை ஓட்டச் சொன்னபோது தன்னம்பிக்கை இருந்ததா? “கை நடுங்க நடுங்க ஆஃப்செட் (மெஷினில் அளவுத் திருத்தம்) போட்டேன்” என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஓட்டிய பிறகுதான் அது வந்தது. அந்த 25,000 ரூபாய்ப் பயிற்சியைப் பற்றி எனக்குத் தயக்கம் வருவதும் இதனால்தான். இரண்டு நாள் கைதட்டலும் கோஷமுமாக ஓடும், செவ்வாய்க்கிழமை வரை தாங்கும். அந்தப் பணத்தில் ஒரு ஆசிரியரை வைத்து, வாரம் இரண்டு மணி நேரம், உங்கள் மீட்டிங்கில் வரும் வாக்கியங்களை மட்டும் பேசிப் பழகலாம். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் உச்சரிப்பைத் திருத்துவது அவமானமாக இருக்கிறது என்றீர்கள். அவளிடம் அந்த ஐஸ்லேண்ட் கதையை ஒருநாள் சொல்லிப் பாருங்களேன்.

நோட்டுப் புத்தகமும் நான்கு திங்களும்

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதத் தெரியும், இதுவும் அப்படித்தான். மீட்டிங்குக்கு முன்னால், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். ‘கேவலமாகிவிடும்’ என்று எழுதினால் அளக்க முடியாது. ‘என் குரல் நடுங்குவதைப் பார்த்து இரண்டு பேராவது சிரிப்பார்கள்’ என்று எழுதினால் அளக்கலாம். பத்துக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பக்கத்தில் ஓர் எண். மீட்டிங் முடிந்ததும் உண்மையில் நடந்தது என்ன என்று எழுதுங்கள். உணர்ந்ததை வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும். பிறகு அந்தக் குவாலிட்டிப் பெண்ணிடம் கேளுங்கள்: “நான் பேசினப்போ வெளியே எப்படி இருந்துச்சு?” நீங்கள் மதிப்பாக எழுதியிருக்கும் சக ஊழியர் அவர், கேட்கலாம். உங்கள் அளவுக்கும் அவர் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் தேடும் எரர்.

முதல் திங்கள் எதையும் மாற்றாதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள், போதும். இரண்டாவது திங்கள் பேனாவை மேஜையில் வைத்துவிடுங்கள், கதவிலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்காருங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். அட்ரினலின் ஏறினால் நடுங்கும், அது உடம்பின் வேலை. எதிர்த்து மல்லுக்கு நிற்காவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே இறங்கும். மூன்றாவது திங்கள் மனப்பாட வாக்கியம் வேண்டாம். எண்கள் மட்டும் ஒரு தாளில் இருக்கட்டும். கேள்வி கேட்பவரின் வாயைப் பாருங்கள், உங்கள் நெஞ்சைப் பார்க்காதீர்கள். நான்காவதுதான் கஷ்டமானது: ஒரு கேள்விக்கு வேண்டுமென்றே, “இது இப்போ என் கையில இல்லை, மதியம் மூணு மணிக்குள்ள அனுப்பறேன்” என்று சொல்லுங்கள். ஆங்கிலமோ தமிழோ இரண்டும் கலந்தோ. தெரியாது என்று சொல்வதுதான் உங்கள் பயத்தின் அடிவேர் என்று எனக்குப் படுகிறது. சொல்லிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

இதில் ஒரு வாரம் சொதப்பும். சொதப்பினால் அதையும் எழுதுங்கள்.

பதவி, டாக்டர், கம்பெனி

பதவியை இப்போதே மறுத்து எழுதிக் கொடுக்காதீர்கள். உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம். பயத்தில் எடுக்கிற முடிவு, எந்தப் பக்கமாக இருந்தாலும், பிறகு அரித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது வழி ஒன்று உண்டு. முதலாளியிடம் நேரில் போய், “சார், மூணு மாசம் பொறுப்பா பார்க்கறேன். காஸ்டிங் மட்டும் யாராவது சொல்லிக் கொடுக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து முடிவு பண்ணலாம்” என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பலாம் என்பதையும் சேர்த்து ஒரு மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

எட்டுப் பக்கத்திலும் நான் தேடிக் கிடைக்காத ஒரு வரி உண்டு: அந்தப் பதவி உங்களுக்குப் பிடிக்குமா என்பது. முதல் பீஸ் அளவுக்குள் வரும்போது கிடைக்கிற சந்தோஷத்தைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். மேனேஜர் வேலையைப் பற்றி அப்படி ஒரு சொல்கூட இல்லை. பயம் துளியும் இல்லாவிட்டால் இந்த வேலையை விரும்பிச் செய்வேனா என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இல்லை என்று வந்தால் மறுப்பதில் தப்பே இல்லை. அதற்குப் பெயர் கோழைத்தனம் கிடையாது.

இது மனநோயா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் மற்றவர்கள் முன் வரும் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வாழ்க்கையையும் சுருக்கிவிட்டால் சமூக பயக் கோளாறா என்று பார்ப்போம். உங்களுக்கு அது வருடக்கணக்கில் போகிறது, இரண்டு பதவி உயர்வைக் கொண்டுபோய்விட்டது. அதனால் நேரில் ஒரு முறை காட்டுங்கள். பேச்சு வழிச் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிற பிரச்சினை இது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருப்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். “கீழ்ப்பாக்கம் போகணுமா?” என்று பாதி சிரிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். 1794-லிருந்து இயங்கும் ஒரு மனநல மருத்துவமனையை நம் காமெடி டிராக்குகள் வசைச்சொல்லாக்கிவிட்டன. அங்கும் புறநோயாளியாக வந்து பேசிவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். தூக்கமே போய்விட்டாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ திங்கள்கிழமைக்காகக் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள்.

கம்பெனிக்குத் தெரியுமா என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, டாக்டர் உங்கள் முதலாளியிடம் சொல்ல முடியாது. அதே சட்டம் உடல்நோய்க்கு இணையாக மனநலச் சிகிச்சைக்கும் காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் செய்யும்போது காகிதம் ஹெச்.ஆர். மேஜை வழியாகப் போகுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். போகும் என்றால், வெறும் ஆலோசனைக் கட்டணத்தைக் கையிலிருந்தே கொடுத்துவிடுவது நிம்மதி.

வரும் திங்கள் மீட்டிங்கில் உங்களுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எத்தனை பேர் மேஜைக்கு அடியில் போன் பார்க்கிறார்கள் என்று எண்ணிவையுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். அடித்தல் திருத்தத்தோடு வந்தாலும் பரவாயில்லை, முதல் பிரதியையே போடுங்கள்.